சம்மதம் கேட்டுக் கொல்லும் ஊர்

எங்கள் ஊரில் சம்மதம் கேட்காமல் ஓர் உயிரைக் கொல்வதில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் மாட்டைக் கயிற்றோடு இழுத்துவந்து அறுத்துவிடுவார்கள், நாகரிகம் தெரியாத ஜனங்கள். நாங்கள் அப்படியா? மாட்டைப் பலிபீடத்தின் முன்னால் மரியாதையாக நிறுத்துவோம். பூசாரி அதன் நெற்றியில் தண்ணீர் தெளிப்பார். மாடு தலையைக் கீழே ஆட்டினால் சரி என்று பொருள். எங்கள் ஊர் மனிதர்களைப் போலவே மோவாயை மேலே தூக்கினால், முடியாது என்று பொருள். மாடுகளும் நல்ல மாடுகள். எனக்கு நினைவு தெரிந்து எதுவும் மறுத்ததில்லை.

அந்தப் பீடத்தில் குழல் ஊதுகிறவன் நான். இரட்டைக் குழல், கைக்கு ஒன்று. கத்தி இறங்கும்போது எழும் சத்தம் தேவர்களின் காதில் விழக்கூடாது என்பதற்காக என்னை வைத்திருக்கிறார்கள். தேவர்களுக்கு இரத்தம் பிடிக்கும், புகை பிடிக்கும், கொழுப்பு ரொம்பவே பிடிக்கும். கதறல் மட்டும் ஆகாது. அவ்வளவு இளகிய மனசு.

என் பக்கத்து வீட்டுக்காரன் மிக்கோன், வலை பின்னுகிறவன். ஒருமுறை பாய்மரத்திலிருந்து தவறி விழுந்து பிடரியில் அடிபட்டது. அன்றிலிருந்து அவன் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். தூங்கினால்தான் நிற்கும். சந்தையில் மீன்காரன் வாய்க்கு வந்த விலையைச் சொல்லிவிட்டு, "பாரு, அவனே சரிங்கிறான்" என்று மீனைக் கூடையில் போட்டுவிடுவான். அதனால் மிக்கோனின் மனைவி மெலித்தா எங்கே போனாலும் கூடவே போவாள். பேரம் பேசும்போது அவன் மோவாயை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாள். தலை நின்றுவிடும். பேரம் முடிந்ததும் விட்டுவிடுவாள். ஊரே பார்த்துச் சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன்.

அப்படியிருக்கையில் மழை பொய்த்தது. வாற்கோதுமை முளைக்கவேயில்லை, கிணறுகள் உப்பு கரித்தன, புறாக்களையெல்லாம் பிடித்துத் தின்று தீர்த்தாயிற்று. எந்தத் தெய்வத்துக்குக் கோபம் என்று கண்டுபிடிக்க, பூசாரிகள் சந்தைத் திடலில் சபை கூட்டினார்கள். அவரவர் தங்கள் தெய்வத்தின் மேல் பழி வராமல் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். நான் ஒரு மடையன். எந்தத் தெய்வத்துக்குக் கோபமோ அதற்குத்தானே படையல் போகும்.

ஜீயஸின் பூசாரி தெரோன் முதலில் எழுந்தார். "மழை எங்க அய்யாவோட பொறுப்பு. மழை இல்லைன்னா கோபம் அவருக்குத்தான். இதுல பேச என்ன இருக்கு? குளிர்ல நடுங்குற மனுசனுக்கு ஒருத்தன் நெருப்பு எடுத்துக் குடுத்தான். அவனைப் பாறையில கட்டிவெச்சு, தினம் கழுகை விட்டு ஈரலைக் கொத்த விடுறாரு. ராத்திரி அது வளரும், காலையில கழுகு வரும். இப்படிப்பட்டவரை விட்டுட்டு வேற யாருக்கோ கோபம்னு சொன்னா, அவரு மனசு என்ன பாடுபடும்?"

ஜீயஸின் மனைவி ஹேராவின் பூசாரிணி நிகரேத்தே சிரித்தாள். "உங்க அய்யாவுக்குக் கோபப்பட நேரம் ஏது? இந்நேரம் எந்தப் பொண்ணு வீட்டுக்கு அன்னமாப் போயிருக்காரோ, காளையாப் போயிருக்காரோ. வீட்டோட இருந்து கோபப்படுறது எங்கம்மா. அவரு தப்புப் பண்ணுவாரு, எங்கம்மா அந்தப் பொண்ணைப் பசுவாக்கி, மாட்டு ஈயை ஏவித் தேசம் தேசமாத் துரத்துவா. புருசனை ஒரு வார்த்தை கேக்கமாட்டா. அதுக்குப் பேருதான் குடும்பப் பாங்கு."

கடல் தெய்வம் பொசைடனின் பூசாரி அர்கியாஸ் கடைசியில் பேசினார். ஊரிலேயே நயமாகப் பேசுகிறவர் அவர்தான். "கோபம் எல்லாருக்கும் வரும். எங்க அய்யா அதை யோசிச்சுப் படுவாரு. தனக்குத் தர்றேன்னு சொன்ன காளையை ஒரு ராஜா ஒளிச்சுவெச்சான். ராஜாவை அவரு தொடல. ராணிக்கு அந்தக் காளை மேலயே ஆசை வர வெச்சாரு. பிள்ளை மாட்டுத் தலையோட பொறந்துச்சு. இந்த நுணுக்கம் வேற யாருக்கு வரும்? நம்ம கெணறு உப்புக் கரிக்குது. உப்பு யாரு வீட்டுச் சொத்து, சொல்லுங்க."

அப்போலோவின் பூசாரி சளி பிடித்து வராமல் போனது என் அதிர்ஷ்டம். அவருடைய தெய்வம், தன்னைவிட நன்றாக வாசித்தான் என்று ஒரு குழல்காரனைத் தலைகீழாகக் கட்டித் தோலை உயிரோடு உரித்தது. எங்கள் தொழிலில் அந்தப் பெயரை மெதுவாகத்தான் சொல்வோம்.

மாலைவரை கத்தினார்கள். கடைசியில் மூன்று பேருக்கும் சரிசமமாகக் கோபம் என்று ஒத்துக்கொண்டு, ஆளுக்கொரு மாடு என்று முடிவானது. ஊர் முழுதும் தேடிப் பிடித்த மாடுகள் எலும்பும் தோலுமாக வந்து நின்றன. தெரோன் முதல் மாட்டின் நெற்றியில் தண்ணீர் தெளித்தார். வாரக்கணக்கில் நல்ல தண்ணீரையே பார்க்காத மாடு அது. தலையை அண்ணாந்து, நாக்கை நீட்டி, அவர் கையை நக்கியது.

மாடு மறுத்துவிட்டது. இரண்டாவது மாட்டுக்கு நிகரேத்தே தெளித்தாள், அதுவும் அண்ணாந்தது. மூன்றாவது, தண்ணீர்க் குடம் வருவதைப் பார்த்தபோதே அண்ணாந்துவிட்டது. மாடுகளுக்குத் தாகம் என்று எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அதைச் சொல்லப் பூசாரி பதவி வேண்டும், பதவியில் இருக்கிறவர்களுக்கு அது தெரியவில்லை.

"மாடு வேண்டாங்குறாங்க. அதைவிட ஒசந்தது கேக்குறாங்க" என்றார் அர்கியாஸ்.

மாட்டைவிட உயர்ந்தது என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது. அவர் மெதுவாகக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஊர் முழுக்கக் கல்லாகச் சமைந்து நின்றது. கொசு கடித்தும் யாரும் அசையவில்லை. நான் எச்சில்கூட விழுங்கவில்லை. அவ்வளவு பெரிய திடலில் ஒரே ஒரு தலைதான் ஆடிக்கொண்டிருந்தது. மெலித்தா அன்றைக்குக் கிணற்றில் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருந்தாள்.

"தண்ணி தெளிக்கிறதுக்கு முன்னாடியே சம்மதிச்சுட்டான். இப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததில்ல" என்று அர்கியாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிக்கோனுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "அய்யா, எனக்கு இது வியாதி. ஊருக்கே தெரியும். நான் சம்மதிக்கல" என்றான், தலையை ஆட்டிக்கொண்டே.

"வாயால சொல்றது செல்லாது தம்பி. மாடு வாயாலயா சொல்லுது? மாட்டுக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?" என்றார் தெரோன்.

"தலை மேலயும் போகுதே அய்யா. அப்ப முடியாதுன்னுதானே அர்த்தம்?"

இது மட்டும் அவர்களைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. மூவரும் ஒதுங்கி நின்று குசுகுசுத்தார்கள். பிறகு தெரோன் வந்து தீர்ப்புச் சொன்னார். "தலை மேல போகாம எப்படித் திரும்பக் கீழ வரும்? கீழ வர்றது சம்மதம். மேல போறது அடுத்த சம்மதத்துக்கு ஆயத்தம்."

கூட்டம் கைதட்டியது. பிழைத்தோம் என்று தட்டினார்களா, தர்க்கம் பிடித்துத் தட்டினார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நானும் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினேன்.

மனிதனை அறுப்பது காட்டுமிராண்டித்தனம் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. அதற்கென்று எங்கள் ஊரில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆளை வெள்ளைப் பாறைக்குக் கூட்டிப்போவோம். உடம்பெல்லாம் இறகு ஒட்டி, உயிருள்ள பறவைகளைத் தோளில் கட்டி, கடலுக்குள் தள்ளுவோம். பறவைகள் சிறகடித்து வேகத்தைக் குறைக்கும். கீழே படகு தயாராக நிற்கும். தூக்கிக் காப்பாற்றி, ஊர் எல்லைக்கு அப்பால் இறக்கிவிடும். அவனோடு ஊரின் பாவமும் போய்விடும், கொன்ற பாவமும் கிடையாது. வேறு எந்த ஊரிலாவது இவ்வளவு கருணை உண்டா, சொல்லுங்கள்.

பாறைக்குப் போகும் நாள்வரை அவனுக்கு ஊர்ச் செலவில் சாப்பாடு. அத்திப்பழம், வாற்கோதுமை அடை, ஆட்டுப் பாலாடைக்கட்டி. ஊரே பட்டினி கிடந்த நேரம். கோயில் வாசலில் அவனை உட்காரவைத்து ஊட்டியபோது ஜனங்கள் வேலியைச் சுற்றி நின்று ஏக்கத்தோடு பார்த்தார்கள். "உனக்கென்னப்பா, கொடுத்துவெச்சவன்" என்று அந்த மீன்காரன் உண்மையாகவே பொறாமைப்பட்டான். மிக்கோன் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியை மெலித்தாவிடம் நீட்டினான். காவல்காரன் தட்டிவிட்டு, "அவங்க சம்மதிக்கலையே" என்றான்.

ஒருநாள் மிக்கோன் என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, படகு கண்டிப்பா நிக்கும்ல?"

"நிக்கும்டா. அதுதானே வழக்கம்."

"எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டா மெலித்தா வந்துருவா. அங்கயும் மீன் இருக்கு, வலை பின்னிக்கலாம். வலை பின்னத் தலை ஆடுனா என்ன?" சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுடைய ஒரே கவலை படகுதான். நான் ஆமாம் என்றேன், தலையை ஆட்டாமல்.

அந்த நாள் வந்தது. விடிந்ததும் அவனை ஊர்வலமாகக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் ஜனங்கள் அத்திக் கிளையால் அவனை அடித்தார்கள். அதற்கென்று ஒரு பாட்டு உண்டு, இனிமையான மெட்டு, நான் முன்னால் ஊதிக்கொண்டு போனேன். அடி விழ விழ, கொடுத்துவைத்தவன் என்று சொன்ன மீன்காரன்தான் ஓங்கி ஓங்கி அடித்தான்.

பாறை உச்சியில் பறவை கட்டும் நேரம்தான் சிக்கல் வந்தது. ஊரில் பறக்கிற பறவையே இல்லை. நிகரேத்தேயின் கோயிலில் மயில் ஒன்று இருந்தது. "அது எங்கம்மாவோட செல்லம். ஈரத்துல விட்டா சளி புடிச்சுக்கும்" என்று அவள் தர மறுத்தாள். மனசு கேட்காமல் ஒரு மயிலிறகு மட்டும் கொடுத்தாள். அர்கியாஸ் தன் கோயில் கோழிகளைப் பிடித்துவரச் சொன்னார்.

"கோழி பறக்காதே அய்யா" என்றான் மிக்கோன்.

"கோழியும் பறவைதான். எல்லாத்துக்கும் குறை சொல்லிட்டே இருக்காதே தம்பி" என்றார்.

அவன் கழுத்தை நீட்டிக் கீழே எட்டிப்பார்த்தான். "படகு எங்கே?"

படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. படகோட்டிகள் எல்லோரும் எங்களோடு உச்சியில் நின்றிருந்தார்கள், நல்ல இடமாகப் பிடித்து, முன்வரிசையில். படகோட்டிகளுக்கும் பக்தி உண்டு, அவர்களும் ஊர்க்காரர்கள்தானே. "கடலே எங்க அய்யாவோடது. அவரைவிட நல்ல படகோட்டி யாரு?" என்று அர்கியாஸ் அந்தப் பேச்சையும் முடித்தார்.

அப்போதுதான் மழை பெய்தது.

பொய் சொல்லவில்லை. முதலில் தூறல், பிறகு சடசடவென்று கொட்டியது. ஜனங்கள் வாயைத் திறந்து அண்ணாந்து குடித்தார்கள். ஒரு தாய் மடித்துணியை விரித்துப் பிடித்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மெலித்தா ஓடிவந்தாள். "மழை வந்துருச்சுங்க அய்யா. கோபம் போயிருச்சு. அவரை அவுத்து விடுங்க."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தெரோன் மழையில் நனைந்துகொண்டு யோசித்தார். பிறகு மிகவும் வருத்தத்தோடு சொன்னார். "அம்மா, நீ யோசிச்சுப் பேசு. கொடுக்கிறதுக்கு முன்னாடியே அவரு நம்மள நம்பி மழையைக் குடுத்துட்டாரு. இப்பக் குடுக்காம விட்டா என்ன நினைப்பாரு? ஊரா இது, ஏமாத்துக்காரக் கூட்டமான்னு கேப்பாரு. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவரு முன்னாடி நிக்கிறது?"

மெலித்தா போய் மிக்கோனின் மோவாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலை நின்றது.

பூசாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தள்ளும் முன் இன்னொரு முறை கேட்கவேண்டும் என்பது விதி. நெற்றியில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தலை அசையவில்லை. அவன் அவளைப் பார்த்தான், சந்தையில் பேரம் பேசும்போது பார்ப்பானே, அதே மாதிரி. கூட்டம் கலைந்துவிடும் போல இருந்தது. சிலர் குடங்களை எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பியே விட்டார்கள்.

"அவளைப் பிடிச்சு இழுங்கடா" என்றார் தெரோன்.

"யாரும் தொடக்கூடாது. கல்யாணம் எங்கம்மாவோடது. பொண்டாட்டி புருசனைப் பிடிச்சிருக்கா, பிடிக்கட்டும்" என்று நிகரேத்தே தடுத்தாள். மெலித்தா அவளை நன்றியோடு பார்த்தாள். எனக்கு நெஞ்சு லேசானது.

மழை வலுத்தது. குளிர்காற்று கடலிலிருந்து வீசியது. சாப்பிட்டு எத்தனை நாள் ஆனதோ, மெலித்தாவின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். அழுகையும் வந்துவிட்டது. தோள் நடுங்கி, கை நடுங்கி, அந்தக் கைக்குள் இருந்த அவன் தலையும் மேலும் கீழும் ஆடியது.

நிகரேத்தே கையைத் தட்டினாள். "பாத்தீங்களா? இப்பப் பொண்டாட்டியும் சேர்ந்து சம்மதம் குடுத்துட்டா. ஜோடியாக் குடுக்குற சம்மதம் எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்."

நான் ஊதினேன். அது என் வேலை. மெலித்தா என்னவோ கத்தினாள், வாய் திறந்திருந்தது தெரிந்தது. குழல் நன்றாக ஒலித்த நாள் அது, ஈரக் காற்றில் நாதம் கனமாக இருக்கும். நனைந்த இறகும் நனைந்த கோழிகளுமாக அவன் கல் மாதிரி இறங்கினான். சிறகடித்த சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் அலை அவனைக் கரையில் ஒதுக்கியது. அவன் தலை ஆடாமல் இருந்ததை முதலில் கவனித்தவர் அர்கியாஸ்தான். "எத்தனை வருசத்து வியாதி. எங்க அய்யா ஒரே முழுக்குல குணப்படுத்திட்டாரு" என்று அங்கேயே மண்டியிட்டார். அந்த இடத்தில் இப்போது ஒரு பீடம் இருக்கிறது. கை நடுக்கம், கால் நடுக்கம் உள்ளவர்கள் வெளியூரிலிருந்தும் வருகிறார்கள்.

ஆனாலும் ஓர் உயிர் போயிருக்கிறது. எங்கள் ஊரில் அதை அப்படியே விட்டுவிட மாட்டோம், விசாரணை வைத்தோம். தள்ளியவர்கள், இறகு ஒட்டியவர்கள் சரியாக ஒட்டவில்லை என்றார்கள். ஒட்டியவர்கள், பறக்கவேண்டியது கோழிகளின் பொறுப்பு என்றார்கள். அதில் ஒரு கோழி மட்டும் கயிறு அவிழ்ந்து கரையேறியிருந்தது. பணியை விட்டு ஓடிவந்த அதைச் சபை நடுவில் நிறுத்தி, "நீதான் அவனைக் கொன்னியா?" என்று தெரோன் கேட்டார். கோழி நடக்கும்போது தலை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டனையை மூன்று பூசாரிகளும் திராட்சை ரசத்தோடு சரிசமமாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

கதை அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் மழை நிற்கவில்லை. விதைத்த வாற்கோதுமை அழுகிவிட்டது, சந்தைத் திடலில் முழங்கால் தண்ணீர், ஆடுகள் குளம்பு அழுகிச் சாகின்றன. எந்தத் தெய்வத்துக்கு அளவுக்கு மீறிய சந்தோஷம் என்று கண்டுபிடிக்கச் சபை கூடியிருக்கிறது. எங்களுக்குத்தான் சந்தோஷம் என்று மூன்று பேரும் அடித்துக்கொள்கிறார்கள், நாளைக்கு மறுபடியும் பலி என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

இப்போதெல்லாம் பூசாரிகள் எதிரே வந்தால் எங்கள் ஊரில் ஆண், பெண், குழந்தை எல்லோரும் மோவாயைக் கையால் பிடித்துக்கொள்கிறோம். அது தங்களுக்குக் காட்டும் புது மரியாதை என்று அவர்கள் பூரித்துப்போயிருக்கிறார்கள். நாளைக்குப் பலிபீடத்தில் ஊர் முழுக்க இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என்னால் முடியாது. என் இரண்டு கையிலும் குழல் இருக்கும்.

தலை ஆடாமல் ஊதிப் பழகிப் பார்த்தேன். சுருதி சேரவில்லை. எந்தக் குழல்காரன் தலையை ஆட்டாமல் ஊதியிருக்கிறான்? இன்று சாயங்காலம் அர்கியாஸ் என் வீட்டுக்கு வந்து, ரொம்ப அன்பாக, "பாறை ஏறிக்கிட்டே ஊத உனக்கு மூச்சு இருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். போகும்போது அத்திப்பழக் கூடை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வெட்கத்தை விட்டு மெலித்தாவின் வீட்டுக்குப் போனேன். அவள் மிக்கோனின் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ஊதுறப்ப நீ பக்கத்துல நின்னு என் தாவாங்கட்டையைக் கொஞ்சம் பிடிச்சுக்குறியாம்மா? உனக்குத்தான் பழக்கம்" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த முடிச்சை அவிழ்த்து முடித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க அண்ணே, நல்லா ஊதுங்க. யாருக்கும் ஒண்ணும் கேக்காது" என்றாள்.